பன்னீர் விட்ட சீரம்

வியாழக்கிழமை, இரவு

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கல்யாண எழுத்து, பதிவாளர் முன் கையெழுத்து வைக்கும் நாள். முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று இன்று பின்னேரம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சீரம் கலந்தாள். செய்முறையை வாசித்துச் சொன்னது நான். கிளிசரின், விட்டமின் ஈ எண்ணெய், சுத்தமான ரோஜா நீர். வெள்ளவத்தையில் இரண்டு பார்மசியில் கேட்டும் ரோஜா நீர் இல்லை. அக்கா சாமி அறைக்குப் போய், எழுத்துக்கு வருபவர்களுக்குத் தெளிக்க வாங்கி வைத்த பன்னீர்ப் போத்தலை எடுத்து வந்தாள்.

"அக்கா, இது வெறும் வாசனைத் தண்ணி. என்ன சேர்த்ததெண்டு போத்தலிலயே போடேல்லை."

"பன்னீரும் ரோசாத் தண்ணிதானேடி. கல்யாண வீட்டில எல்லாருக்கும் தெளிக்கினம், ஆருக்கு என்ன நடந்தது?"

"தெளிக்கிறது ரெண்டு துளி. நீ முகம் முழுக்க ஊறவிடப் போறாய்."

"ஓம், டொக்டர் அம்மா!" என்று சிரித்துக்கொண்டே போத்தலைக் குலுக்கினாள். முதலில் கையில் பூசிப் பார்க்கச் சொன்னேன். நேரமில்லை என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு கன்னமும் சிவந்து தடித்துவிட்டன. கழுவினோம், ஐஸ் வைத்தோம். அம்மா எழுத்துச் சேலையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஞாயிறுக்கு முன்னம் மாறுமோ? சொல்லடி," என்று அக்கா கேட்டாள்.

போனில் தேடினேன். கழுவச் சொல்கிறார்கள், மறுபடி பூச வேண்டாம் என்கிறார்கள், வைத்தியரிடம் காட்டச் சொல்கிறார்கள். எப்போது மாறும் என்று ஒருவரும் எழுதவில்லை.

மாறிவிடும் என்று சொன்னேன். அவள் அதை நம்பிப் படுத்துவிட்டாள்.