விலக்கு எடுக்க வந்த சேவல்

பள்ளி வராண்டாத் தூணில் ஒரு கயிற்றுத் துண்டு தொங்குகிறது. பழைய சேலைக் கிழிசலை முறுக்கித் திரித்த கயிறு. நேற்றுக் காலை அதில் ஒரு சேவல் கட்டியிருந்தது. இப்போது சேவல் இல்லை, கயிறு மட்டும் இருக்கிறது. பெருக்க வந்த அம்மா அவிழ்க்கப் போனார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு எனக்குத் தெம்பில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். படிக்க ஆளில்லாத மடலில்தான் கோபத்தைக் கூட்டிக் குறைக்காமல் எழுத முடிகிறது.

சேவல் என்றதுமே உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், அவரேதான். பூங்கொடியின் அப்பா. இரண்டாம் முறையும் வந்தார்.

முதல் முறை வந்தபோது நீ இருந்தாய். செவ்வாய்க்கிழமை. உனக்கு இந்த மலையில் எங்கள் பள்ளி செவ்வாய், மற்ற நாட்களுக்கு மற்ற பள்ளிகள். காது கேட்காத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை என்று எங்கெங்கோ ஒவ்வொன்றாய் இருப்பவர்களைத் தேடிப் போகும் சிறப்பாசிரியர் நீ. கணியம்பாடியில் முதல் பஸ் ஏறி, அமிர்தி தாண்டி, வளைவு வளைவாய் ஏறி வந்து இறங்குவாய். டிக்கெட்டைக் கைக்கடிகாரப் பட்டையில் சொருகியிருப்பாய். பூங்கொடி உனக்கு வைத்த பெயரே அதுதான். இடது மணிக்கட்டில் இரண்டு விரலைச் சொருகிக் காட்டுவாள். அது நீ. பிறகு பள்ளி முழுவதும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டது. காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகள்கூட உன் நிஜப் பெயரை மறந்து போனார்கள்.

நீ வருவதற்கு முன்பு ஆங்கில வகுப்பு நேரத்தில் பூங்கொடி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். காது கேட்காத பிள்ளைக்கு எதற்கு இரண்டாவது மொழி, பத்தாம் வகுப்பில் மொழிப்பாட விலக்கு வாங்கிவிடலாம், அதுவரை செடியாவது வளரட்டும் என்பது ஏற்பாடு. நான் இங்கே மாற்றலாகி வருவதற்கு முன்பே முடிவானது. முதல் நாளே நீ என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னா டீச்சர், உங்க கிளாஸ் பொண்ணு வெளிய தண்ணி ஊத்தினு கீது?"

"அவளுக்கு விலக்கு வாங்கப் போறாங்களாம்."

"அவ கேட்டாளா?"

அவள் எப்படிக் கேட்பாள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நீ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் அவள் அப்பாவிடம் சந்தோஷமாகவே சொன்னார், உங்கள் பெண்ணுக்கு இங்கிலீஷில் விலக்கு வாங்கித் தருகிறோம் என்று. அந்த மனிதர் எழுந்து போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டோடும் கட்டிய சேவலோடும் வந்து வராண்டாவில் நின்றார்.

"என் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சுங்க? விலக்கு வெச்சிட்டீங்களாமே. அது வாயில்லாத புள்ளைங்க. தண்டம் எடுத்துனு வந்துகீறேன். பெரிய மனசு பண்ணி எடுத்துடுங்க."

மலையில் விலக்கு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும்தானே. ஊர் கூடி ஒரு குடும்பத்தைத் தள்ளி வைப்பது. நல்லது கெட்டதற்கு யாரும் வரமாட்டார்கள். ஊர் மறுபடி கூடித் தண்டம் வாங்கிக்கொண்டால்தான் எடுபடும். இப்போதெல்லாம் அந்த வழக்கம் குறைந்துவிட்டது, அந்தச் சொல்லின் பயம் குறையவில்லை. தலைமையாசிரியர் "அய்யோ, இது சலுகைங்க, சலுகை" என்று பதறினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. நீ மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய் இரண்டு கையாலும் தட்டை வாங்கினாய்.

"தப்பு உங்க பொண்ணு மேல இல்லங்க, எங்க மேல. விலக்கு எடுத்தாச்சு. இன்னியிலேர்ந்து அவ உள்ளதான் உக்காருவா."

அத்தனை பேர் முன்னிலையில் சொன்னாய். தலைமையாசிரியரால் மறுக்க முடியவில்லை. பூங்கொடியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் முன் வரிசையில் உட்கார வைத்தாய். சேவலைத் திருப்பிக் கொடுத்தால் அவள் அப்பா வாங்கவே மாட்டேன் என்றார், வாங்கினால் விலக்கு திரும்பி வந்துவிடுமாம். சாயங்காலம் சேவலோடு பஸ் ஏறினாய். பெண் என்பதால் உனக்கு இலவச டிக்கெட், சேவலுக்குக் கட்டண டிக்கெட். அடுத்த வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "கவர்மென்ட்டு கணக்குல என்னைவிட அதுக்கு மதிப்பு ஜாஸ்தி டீச்சர்" என்றாய். அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

விலக்கு எடுத்தாயிற்று, பாடம் எப்படி நடத்துவது? அதுதான் என் கவலை. நீ வகுப்பின் பின்னால் உட்கார்ந்து இரண்டு செவ்வாய் வெறுமனே பார்த்தாய். பிறகு சொன்னாய்.

"இங்கிலீஷ்ல இந்தக் கிளாஸ் முழுக்கவே காது கேக்காத புள்ளைங்கதான் டீச்சர். நீங்க பேசறது ஒண்ணும் அவங்க காதுல உழல. ஒருத்தி மட்டும் அத ஒத்துக்கினு உக்காந்துகீறா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. இந்தப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும் யாரையும் பக்கத்தில் பார்த்ததில்லை. வாய் திறந்தால் யாராவது சிரிப்பார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் வகுப்பின் முதல் பாதியில் நான் உட்பட யாருக்கும் வாய் கிடையாது என்று சட்டம் போட்டாய். பொருளைக் காட்டுவது, செய்து காட்டுவது, சாக்பீஸால் தரையில் எழுதுவது, கையால் கேட்பது, கையால் பதில். பேச்சு அதற்குப் பிறகுதான். வருகைப் பதிவுகூட அட்டையில். ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்தில் நீயே எழுதி வந்தாய். அட்டையைக் காட்டினால் அந்தப் பிள்ளை கை தூக்க வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, எல்லோரும் தூங்கிவிட்டார்களா என்று கேட்டார்.

பூங்கொடி அந்த வகுப்பில் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். தமிழ் மற்றவர்களுக்கு வீட்டிலேயே காதில் விழுந்த மொழி. அவளுக்கு அதுவும் கண்ணால் படித்த மொழி, அங்கே அவள் என்றைக்கும் பின்தங்கித்தான் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும்தான் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பினார்கள். அவள் மற்றவர்களுக்குச் சமமாக இருந்த ஒரே பாடம் அது. அதிலிருந்துதான் அவளுக்கு விலக்கு தர எல்லோரும் துடித்தார்கள்.

கத்தி என்பதற்கு ஆங்கிலச் சொல் எழுதச் சொன்ன நாள் உனக்கு நினைவிருக்குமா? வகுப்பில் பாதிப் பேர் காதில் கேட்டபடி 'என்'னில் தொடங்கினார்கள். முன்னால் ஒரு 'கே' வேண்டும், அது ஊமை எழுத்து என்று நான் சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் சொல்வது வழக்கம். ஊமை என்றதும் தலைகள் எல்லாம் பூங்கொடி பக்கம் திரும்பின. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் நோட்டில் கே சரியாக இருந்தது. நீ எழுந்து முன்னால் வந்தாய்.

"யாரு சொன்னது ஊமைன்னு? அது சத்தம் போடல, அவ்ளோதான். வரிசையில நிக்குதா இல்லியா? அத வுட்டுட்டு எழுதிப் பாரு, தப்புன்னு போடுவாங்க."

பிறகு அதையே அவளுக்குக் கையால் சொன்னாய். அவள் நெற்றியைச் சுருக்கி, பலகையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இதில் எது சத்தம் போடும் என்று திருப்பிக் கேட்டாள். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான், எல்லாமே வரிசையில் நிற்பவைதான். அதனால்தான் ஒன்றையும் அவள் விட்டதில்லை.

ஐப்பசி மழையில் பஸ்ஸை அமிர்தியோடு நிறுத்திவிட்டார்கள். நீ யாரிடமோ வாங்கிய பழைய ஸ்கூட்டரில் ஏறி வரத் தொடங்கினாய். அந்தக் கடைசிச் செவ்வாயன்று, போக வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்களாம். "அந்தப் பொண்ணு கேட்டாண்ட நின்னுனு இருக்கும்" என்றாயாம். பள்ளி வாசலில் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். வளைவில் மண் சரிந்து கிடந்தது. இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியவில்லை. வேலூர் போகும் போதெல்லாம் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன். உன் இடத்துக்கு யாரும் வரவில்லை. உன்னுடையது தற்காலிகப் பணியாம், இல்லாத இடத்துக்கு ஆள் போட முடியாதாம். அதற்கப்புறமும் எத்தனையோ செவ்வாய்க்கிழமை பூங்கொடி வாசலில் நின்றாள். இரண்டு விரலை மணிக்கட்டில் சொருகி என்னைப் பார்ப்பாள். செத்துப்போவதற்கு அவளிடம் சைகை இருந்தது. நான் காட்டினேன். அவளும் தலையாட்டினாள். மறுவாரமும் போய் நின்றாள்.

வகுப்புக்குப் பேசும் பலகை வந்தது. சுவர் அகலத்துக்குப் பளபளவென்று இருக்கிறது, அழகான உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுகிறது. பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொல்கிறார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் வகுப்பு எவ்வளவு உற்சாகமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அட்டைகளை மட்டும் நான் விடவில்லை.

பூங்கொடி பத்தாம் வகுப்புக்கு வந்தாள். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். "பாவம் டீச்சர், அந்தப் பொண்ண எதுக்குப் போட்டு வாட்றீங்க? ஃபெயிலானா யாருக்குக் கெட்ட பேரு?" என்றார். பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும், அவளுக்கு நிம்மதி வேண்டும், ஒரே கையெழுத்தில் இரண்டும் கிடைக்கிறது. விலக்கு வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு அதைக் கொடுப்பது நியாயம், நானே முன்னின்று வாங்கிக் கொடுப்பேன். கேட்காதவள் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். விடுமுறைக்கு விடுதியிலிருந்து மகளை அழைத்துப் போக வந்த அப்பாவிடம் 'பரீட்சை சலுகை' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார். சேவலைத் தலைமையாசிரியர் மறக்கவில்லை. அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது, அந்தச் சொல்லை வாயால் சொல்லக்கூடாது என்பது மட்டும்தான்.

ஆனால் பூங்கொடிக்குப் படிக்கத் தெரியுமே. நீதானே சொல்லிக்கொடுத்தாய். ஆங்கில வகுப்பு நேரத்தில் நூலக அறையில் உட்காரச் சொன்னபோது, கையெழுத்தான தாளைக் காட்டச் சொல்லி அலுவலகத்தில் அடம்பிடித்து, விலக்கு என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிட்டாள். சாப்பிடவில்லை. விடுதியிலிருந்து அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

நேற்று அவர் வந்தார். தட்டு, வெற்றிலை பாக்கு, சேவல். தூணில் கட்டினார். தலைமையாசிரியர், தாள் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி என் கையில் எதுவுமில்லை என்றார். மேலே போன் போட்டேன். இங்கே எடுக்க முடியாது, எழுதிப் போடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். திரும்பி வந்தேன். அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். உன்னைப்போல் இரண்டு கையையும் நீட்டினேன்.

"நான் வாங்கிக்கிறேங்க. குடுங்க."

அவர் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோபமாக இல்லை.

"வாங்கினா எடுத்தாச்சுன்னு சொல்லணுமே டீச்சரம்மா. சொல்லுவீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். பூங்கொடி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டிக்கெட்டு டீச்சரம்மா சொன்னாங்க, எடுபட்டுச்சு. இப்ப எடுக்கற ஆளு இல்லன்றீங்க. அப்ப வெச்சது யாருங்க?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று இரவெல்லாம் யோசித்தேன். நீயும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாதோ என்ற எண்ணம் வந்தபோதுதான் நிஜமாகவே பயந்துபோனேன்.

அவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். தள்ளி வைத்த இடத்தில் பிள்ளையை விட்டுப் போவது முறையில்லை என்றார். பூங்கொடி வாசலில் ஒரு முறை திரும்பினாள். மணிக்கட்டில் இரண்டு விரல். கேள்வியாக இல்லை, என்னிடம் விடைபெறுவதாகவும் இல்லை. உன்னைச் சொன்னாள், அவ்வளவுதான்.

இன்று காலை அட்டைக் கட்டை எடுத்தேன். ஓரமெல்லாம் நைந்துவிட்டது, உன் எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொன்றாகக் காட்டினேன், கைகள் எழுந்தன. அவள் பெயர் வந்தது. அதையும் தூக்கிப் பிடித்தேன். ஒரு கையும் எழவில்லை.

"அவ ஊருக்குப் போய்ட்டாளே டீச்சர்" என்றாள் முன் வரிசையில் ஒருத்தி.

"தெரியும்" என்றேன்.

கை வலிக்கும் வரை அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். பேசும் பலகை தன் பாட்டுக்குப் பாடத்தைத் தொடங்கிவிட்டது. அவள் திரும்பி வரமாட்டாள். தூக்கிப் பிடிப்பதால் எதுவும் ஆகப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அட்டையை அதன் இடத்திலேயே, இரண்டு பெயர்களுக்கு நடுவில் சொருகிவைத்தேன். நாளைக்கும் காட்டுவேன். அதை விட்டுவிட்டு எழுத எனக்கு நீ சொல்லித்தரவில்லை.