கனவில் வந்த விலைப் பலகை

பிரமாதி, ஆனி 12, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த நோட்டிலாவது பேசுகிறேன்.

புழுக்கம். கீழமாசி வீதி முழுக்க மிளகாய் நெடி. குடைக்குத் துணி மாற்ற வேண்டும்.

மச்சான் கூப்பிட்டார். அக்கா புருஷன் என்பதால் மச்சான். சம்பளம் தருவதால் முதலாளி. திருமங்கலத்தில் நாலாவது மளிகைக் கடை. ஆடி பிறக்குமுன் திறந்தாக வேண்டும்.

"மாப்ள, ஒரு வாழ்த்துப் பத்திரம் எழுதிரு. கடை எப்படி ஆரம்பிச்சு எப்படி வளந்துச்சுன்னு நல்ல செந்தமிழ்ல இருக்கணும். விழாவுல வாசிச்சுட்டுக் கண்ணாடி போட்டு மாட்டிருவோம்."

கடைசியில் 'இங்ஙனம், கடைச் சிப்பந்திகள்' என்று வர வேண்டுமாம். தன்னைத் தானே புகழக் கூச்சம் போலும்.

"அந்த விலைப் பலகை சமாச்சாரத்த விட்டுறாத. ஆத்தா கனவுல வந்து காட்டுச்சுல்ல, அது."

அம்மனாம்! சாக்குக்கட்டியும் அவளே கொண்டுவந்தாளோ?

ஆனி 13

பல்வலி. கிராம்பு வைத்தேன். நம் கடைக் கிராம்பு, மட்டம்.

அந்தப் பலகை என்னுடையது. வீதி முழுக்க ஆள் முகம் பார்த்து விலை சொன்ன காலம். வாசலில் பலகை வையுங்கள், யார் வந்தாலும் ஒரே விலை என்று சொன்னவன் நான். எழுத்துத் தெரியாத பெண்களுக்காகப் பருப்பு, புளி, வற்றல் எல்லாம் படமாக வரைந்து, பக்கத்தில் அணாவுக்கு ஒரு வட்டம் போட்டவனும் நான்.

பக்கத்துக் கடைக்காரர் அன்று கேட்டது: "என்னண்ணே, யாவாரமா, ஒண்ணாங்கிளாசா?" மச்சானும் சேர்ந்துதான் சிரித்தார். மறக்கவில்லை.

பிறகு பெண்கள் கூட்டம். அந்தக் கூட்டத்தால் வில்லாபுரம் கடை. அப்புறம் கொட்டாம்பட்டி.

ஆனி 15

அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தப் பலகைக்குக் கரி அரைத்துப் பூசியவள் அவள். வேறு சாட்சி கிடையாது. மச்சான் எதிரிலேயே கேட்டேன்.

"நீ சொல்லுக்கா. பலகை யாரு வச்சது?"

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எனக்கு என்னத்தப்பா ஞாபகம் இருக்கு."

மச்சான் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே: "கனவு கண்டது நானு. உனக்கு எப்படி மாப்ள தெரியும்?"

வாசல்வரை வந்து அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நம்ம கடைதான தம்பி. இதுக்குப் போயா இம்புட்டுக் கோவம்?"

நம்ம கடை! நாலு கடையில் ஒன்றில்கூட உட்கார எனக்கு நாற்காலி இல்லை.

ஆனி 16

வேட்டி வெளுத்து வரவில்லை. பத்திரம் எழுதினேன். அவர் கேட்டபடியே, கனவு உட்பட. வெட்கம்.

ஆனி 17, சனி

பத்திரத்தை நீட்டினேன். வாங்கவே இல்லை.

"நீ எழுதுனாச் சரிதான் மாப்ள. அச்சாபீசுக்கு அனுப்பிரு."

என்றைக்கும் இப்படித்தான். நான் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. அந்த நம்பிக்கையில் கொஞ்சம் இளகிப்போனேன், உண்மை. அதோடு விட்டிருப்பேன்.

வெளியே வந்தால், திருமங்கலம் கடைக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தான் பெயிண்டர். மேலே பாதிக்கு அம்மன். கீழே வெறும் எழுத்து. படமும் இல்லை, வட்டமும் இல்லை.

"வட்டம் எங்கப்பா?"

"அது எதுக்குண்ணே? அம்மனுக்கே எடம் பத்தல. மொதலாளிதான் எடுக்கச் சொன்னாரு."

படிக்கத் தெரியாதவள் எப்படி வாங்குவாள்? கடையில் இருப்பவன் சொன்னதுதான் விலை. பழைய கதை.

வீட்டுக்கு வந்து பத்திரத்தைக் கிழித்தேன். வேறு எழுதினேன். நல்ல செந்தமிழில்தான். பலகை வைத்தது யார், சிரித்தது யார், கனவு கண்டது யார், வட்டத்தை அழித்தது யார். எல்லாம் வரிசையாக.

அச்சாபீசில் அப்படியே அச்சுக் கோப்பார்கள். எங்கள் தாளைத் திருத்திப் பழக்கமில்லை. தலைமையாசிரியர் ஒருவர் உரக்க வாசிப்பார். அக்கா முன்வரிசையில் இருப்பாள்.

'இங்ஙனம்' வரை வந்துவிட்டேன். சிப்பந்திகள் என்று போட்டால் பாவம், அவர்கள் பிழைப்புப் போகும். என் பெயரைப் போட்டால் பொறாமை என்பார்கள். கீழே ஒன்றும் போடவில்லை.

வாசிக்கிறவர் 'இங்ஙனம்' என்று சொல்லி, பெயர் இல்லாமல் நிற்பார். யார் என்று கூட்டம் பார்க்கும். அப்போது அக்கா தலை நிமிர்கிறாளா, பார்க்கிறேன்.

உறை ஒட்டியாயிற்று. கையெழுத்து இல்லை. அச்சாபீசுக்குத் தபாலில் போடப் போகிறேன்.