கறுப்புக் குடையோடு சிதம்பரம்

என் ஜொஹராவுக்கு சலாம்.

அவசரத்தில் உன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சிரிக்காதே.

நம் பையன் காலேஜில் துப்பாக்கிச்சூடு என்று கேள்விப்பட்டதும் கிளம்பினேனா, இந்திப் போராட்டத்தால் பஸ் ஓடவில்லை. முதுநகரில் ஒரு உப்பு லாரியைக் கைகாட்டி நிறுத்தினேன். டிரைவர் கண்ணாயிரம், "கறுப்புக்கொடி இல்லாட்டி பசங்க வழி விடமாட்டாங்க பாய், கறுப்புத் துணி எதுனா இருக்கா?" என்றார். என் குடையை விரித்து ஜன்னலுக்கு வெளியே பிடித்தபடியே சிதம்பரம் வரை வந்தேன். லாரி போன வேகத்தில் குடை நிஜக்கொடி மாதிரியே ஆடியது.

ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். வாட்ச்மேன், "எல்லாரையும் ஊருக்கு அனுப்பிட்டாங்க, உங்க புள்ளைய நான் பாக்கல" என்றார்.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் கட்டிலாகப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த கால்களைத்தான் முதலில் பார்த்தேன். நம் ஹபிபு அங்கே இல்லை.

வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருப்பான், சோறு எடுத்து வை. கடிதம் கொண்டுவரும் கண்ணாயிரத்திடம் பதில் சொல்லி அனுப்பு. அதுவரை இங்கேயே தேடுகிறேன்.

கடைசிக் கட்டிலையும் பார்த்து முடித்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சில் நர்ஸம்மாவின் இட்லிப் பொட்டலம் இருந்தது, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சட்னியும் இருந்தது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்