ஆறாவது பல்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

மன்னித்துக்கொள் நோட்டே, இந்த நேரத்தில் உன்னை எழுப்புகிறேன். மணி பன்னிரண்டே முக்கால். பாப்பா இப்போதுதான் கண் மூடினாள்.

ஏழு மாதக் குழந்தை. இருப்பது ஒரே அறை, அதில் ஒரே டியூப்லைட். பால் கொடுக்க சுவிட்சைப் போட்டால் அவளுக்குப் பட்டப்பகல், விளையாடக் கூப்பிடுகிறாள். அணைத்துவிட்டாலோ துணி மூக்கில் விழுந்திருக்கிறதா, மூச்சு சீராக வருகிறதா, ஒன்றும் தெரியாது. பயந்துபோய் மறுபடி போடுகிறேன். மறுபடி முழிக்கிறாள்.

"ஏங்க, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு சுவிட்சு போட்டுத் தாங்களேன்" என்று கேட்டு மூன்று மாதமாகிறது. "பாப்போம் புள்ள, இந்த வேலை முடியட்டும்" என்கிறார். என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். யாரிடம் சொல்லிச் சிரிக்க?

ஆகஸ்ட் 6, புதன்

'இந்த வேலை' என்பது சிவகாசியில் ஆர்த்தி மேடத்தின் புது வீடு. காலண்டர் அச்சகம் நடத்தும் சீனிவாசகம் முதலாளியின் மருமகள். இருபத்தொன்பதாம் தேதி பால்காய்ச்சு. அதற்குள் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆறு தொங்குவிளக்கு வேண்டுமாம், டிம்மரோடு. சாப்பிடும்போது கூட்டணுமாம், உட்கார்ந்து பேசும்போது குறைக்கணுமாம்.

நாள் முழுக்க இவர் போனில் அவள் குரல். "ராஜ், கண்ணாடி மூடி பால் நிறத்துல எடுக்கட்டுமா? ராஜ், சுவிட்சு திருகுற மாதிரியா, தொடுற மாதிரியா?"

ராஜாம். முனியராஜ் என்று முழுசாகக் கூப்பிட வாய் வலிக்குதோ?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏ எழில், பல்பு அட்டையில மூவாயிரம் கெல்வின்னு போட்டிருக்கானே, அப்படின்னா என்ன?" என்று கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பிசிக்ஸ் படித்தவள் என்பது எனக்கே மறந்து கிடக்கிறது. அடுப்பைக் காட்டிச் சொன்னேன்: இரும்புக் கம்பியைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் காய்ந்தால் வெளுக்கும். அந்தச் சூட்டை வைத்துத்தான் வெளிச்சத்தின் நிறத்துக்கு எண் போடுகிறார்கள். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை.

இன்று வாசலில் நின்று போனில் பேசுகிறார். "மேடம், இரும்புக் கம்பியைக் காய்ச்சினா மொதல்ல செவக்குமில்ல..." என் வார்த்தை. ஒன்று விடாமல் என் வார்த்தை.

"அய்யோ ராஜ், எவ்வளவு அழகா புரியவைக்கிறீங்க!" என்று அவள் சிரித்தது இங்கே உள்ளே வரைக்கும் கேட்டது. இவரும் சிரித்தார். என் பொண்டாட்டி சொன்னா என்று ஒரு வார்த்தை? சொல்லவில்லையே. ஏன் சொல்லல?

ஆகஸ்ட் 14, வியாழன்

இஸ்திரி போட்ட சட்டையில் வேலைக்குப் போகிறார். சுவரில் வயர் இழுக்க எதற்கு இஸ்திரி?

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

ஆர்த்தி வீட்டுக்கான ஆறு பல்பும் மதியம் வந்து இறங்கின. டிம்மரில் குறைப்பதற்கென்றே தனியாகச் செய்த எல்.இ.டி. பல்புகள். இவர் பெட்டியை அலமாரிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஒன்றை எடுத்துக்கொண்டேன். எண்ணிக்கை குறையக் கூடாதே என்று, போன வேலையில் மிஞ்சிக் கிடந்த சாதாரண பல்பை அந்த அட்டைக்குள் சொருகினேன். அதே ஒன்பது வாட், அதே மஞ்சள். எழுத்தைப் படித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆறில் ஒன்று குறையாமல் முழுசாக எரிந்தால் அவளுக்கு என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

கட்டிலுக்கு மேலே சும்மா கிடந்த ஹோல்டரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். பளீர்! டிம்மர் சுவிட்சு இல்லாமல் டிம்மர் பல்பு என்ன செய்யும்? மற்ற பல்பு செய்வதைத்தான் செய்யும். இதற்கு ஒரு பட்டம் வேறு.

அம்மா வந்திருந்தது. அச்சங்குளத்தில் பட்டாசு கம்பெனி வேலை. "நாங்க வேலை பாக்குற ஷெட்டுல பல்பே கிடையாது, பொழுது சாஞ்சா வேலை முடிஞ்சது. நீ என்னடி ஒத்தப் பல்பை இம்புட்டு நேரம் பாக்குற?" என்றது.

இவர் அந்தப் பல்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாட்டி முடித்து, போனில் வீடியோ எடுத்து வந்து காட்டினார். முகமே சரியில்லை. டிம்மரைக் குறைத்ததும் ஆறும் துடிக்கின்றன. பட்டாசுத் திரி பற்றும் சத்தம் போல ஒரு 'இர்ர்' வேறு. உற்றுப் பார்த்தேன். ஐந்து குறையப் பார்க்கின்றன, ஜன்னல் பக்கத்து விளக்கு மட்டும் குறையாமல் வெட்டி வெட்டி எரிகிறது. அது மற்ற ஐந்தையும் சேர்த்து ஆட்டுகிறது.

"டிம்மர்தான் கோளாறு" என்றார். எனக்கு உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதுரைக்குப் போய் வேறு டிம்மர் வாங்கி வந்தார். அதுவும் துடிக்கிறது. சாயங்காலம் அவள் குரல்: "முனியராஜ், மாமா ரொம்பக் கோபமா இருக்காங்க. சீக்கிரம் பாருங்க."

ராஜ் போயாச்சு. இதைக் கேட்கத்தானே ஆசைப்பட்டேன்? சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பெயிண்டர், கொத்தனார் எல்லார் முன்னாலும் சீனிவாசகம் முதலாளி கேட்டாராம். "ஏலே, டூப்ளிகேட் பல்பை மாட்டிட்டு டிம்மர் மேல பழியைப் போடுறியா? எத்தனை வீட்டுல இப்படிச் செஞ்ச?"

இதைச் சொல்லிவிட்டு இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாப்பா சட்டையைப் பிடித்து இழுத்தும் திரும்பவில்லை. சிவகாசியில் ஒருத்தர் வாயில் 'டூப்ளிகேட்' என்று விழுந்துவிட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? பால்காய்ச்சு வரைக்கும் தவணையாம். இல்லையென்றால் வேறு ஆள் வந்து எல்லாவற்றையும் கழற்றுவானாம்.

சொல்லு எழில். வாயைத் திற. — திறக்கவில்லை. சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பார்?

ஆகஸ்ட் 28, வியாழன்

ஏங்க, இது உங்களுக்கு. சாயங்காலம் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தீங்க. "காலைல அஞ்சு மணிக்குப் போய், விருந்தாளி வர்றதுக்குள்ள டிம்மரைக் கழட்டிட்டு சாதா சுவிட்சு போட்டுட்டு வந்துடுறேன், அந்தப் பக்கம் இனி வேலையே வேண்டாம்" என்றீங்க. அப்போதே சொல்லியிருக்கணும். நேரில் எனக்கு வாய் வரல, அதான் இந்தப் பக்கத்தைத் திறந்து உங்க டூல் பை மேல வச்சிருக்கேன்.

டிம்மரைக் கழட்டாதீங்க. அது நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் பக்கத்து விளக்கில் இருக்கிற பல்பைக் கழட்டிப் படிச்சுப் பாருங்க. அது நான் மாத்தி வச்சது. நல்ல பல்பு நம்ம கட்டிலுக்கு மேலதான் பத்து நாளா எரிஞ்சது. கழட்டித் துண்டில் சுத்திப் பைக்குள்ள வச்சிருக்கேன். ஆறும் ஒரே சாதியா இருந்தா துடிக்காது.

ஏன் செஞ்சேன்னு முன்பக்கங்களைப் படிச்சா தெரியும். படிங்க. நல்லா இருக்காது, ஆனா எல்லாம் நான் எழுதினதுதான்.

முதலாளிகிட்ட மறைக்க வேண்டாம். என் பொண்டாட்டி மாத்திட்டான்னு என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. அந்த அச்சகத்துல எனக்கு யாரும் வேலை தரப்போறதில்லை, உங்க பேர் நின்னா போதும். அப்படியே ஆர்த்தி மேடத்துகிட்ட, அந்த இரும்புக் கம்பியும் அவ சொன்னதுதான்னு சொல்லிடுங்க.

ரூமில் இப்போ அந்தப் பல்பு இல்லை, டியூப்லைட்டைப் போட்டா பாப்பா முழிச்சுக்குவா. போன் வெளிச்சத்தைத் தரைப் பக்கம் திருப்பி வச்சு எழுதுறேன். பாப்பா முகம் நல்லாத் தெரியுது, தூங்குறா.

திட்டணும்னா திட்டுங்க. ஆனா போய் மாட்டினதும் எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்க.