திறந்து கிடந்த திரை

மார்ச் 4

மகள் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை லைட் ஹவுஸ் பார்க்கக் கூட்டி வந்தாள். மேலிடத்து அனுமதி இல்லை, அப்பன் செல்வாக்குதான். "முப்பது வருஷமா ஏறுறேன்" என்று பெருமையடித்தபடி முன்னே ஏறினேன். நூறாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாண்டு முதுகைத் தடவி, "தாத்தா, மெதுவா மூச்சு விடுங்க, செத்துடாதீங்க" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான், மூச்சு மிச்சமிருந்தவரை.

போன மானத்தை மீட்க, மேலே திரையை விலக்கி லென்ஸைக் காட்டினேன். நூற்று நாற்பது வருஷக் கண்ணாடி. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

மார்ச் 5

நேற்று மாலை விளக்கு எரியவில்லை. பகல் வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து ஒயரையெல்லாம் பொசுக்கிவிட்டது. அதற்காகத்தான் பகலில் திரை மூடியிருக்க வேண்டும்.

விடியலில் மூடுவது மச்சான் வேலை. என் மனைவியின் தம்பி, எனக்கு உதவியாளன். மூடியதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். பிள்ளைகள் வந்தபோது அவன் வீட்டில் தூக்கம்.

"மூடுன மாதிரிதான் மாமா ஞாபகம்..." நெற்றியைத் தேய்த்தான்.

நான் ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளோடு சேர்ந்து இறங்கும் அவசரத்தில் திறந்தபடி விட்டது யார்?

மார்ச் 6

மாற்று விளக்கு கட்டுவதற்குள் ஒரு சரக்குக் கப்பல் மணல்திட்டை உரசியிருக்கிறது. ஆளுக்குச் சேதமில்லை. புகார் வந்துவிட்டது.

மார்ச் 11

விசாரணை அதிகாரி கேட்டார்: "நீங்க பெரியவர். அன்னைக்குப் பகல்ல யாராவது மேல போனாங்களா?"

ஓய்வுக்கு ஏழு மாசம். மகளின் வேலை வேறு.

"யாரும் போகலைங்க."

அட பாவி, எவ்வளவு சுலபமா வந்துச்சு வாயில!

மார்ச் 12

மகள் போனில்: "அப்பா, நாங்க இறங்கறப்போ திரைய மூடிட்டீங்கல்ல?"

"பின்னே?" என்றேன்.

மார்ச் 15

மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு வாக்கியம்: "என் தம்பிக்கா மறதி? நம்ம கல்யாண நாளை வருஷா வருஷம் உங்களுக்கு ஞாபகப்படுத்துறதே அவன்தானே."

மார்ச் 20

எனக்குப் பிறகு என் நாற்காலி அவனுக்கு என்றிருந்தது. இப்போது பழி அவன் மேல் விழுந்து, தனித்தீவு விளக்குக்கு மாற்றல். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

அதைவிட இது: அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்க்கிறானாம். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறானாம். அவன் மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

மார்ச் 28

படகுத்துறை. பெட்டியை நான்தான் தூக்கினேன். "விடுங்க மாமா, மூச்சு வாங்குது" என்று பிடுங்கிக்கொண்டான்.

படகில் ஏறி நின்று சொன்னான்: "புதுசா வர்ற பையன நம்பாதீங்க. நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க. என்னை மாதிரி ஆளுங்க மூடுனதா நினைச்சுட்டு இறங்கிடுவோம்."

"சரிடா. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

கயிற்றை அவிழ்த்தார்கள். கை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

நீ மூடினேடா. நான்தான் திறந்தேன்.