துணைக்கு வந்தவள்

நேற்று எங்கள் பெங்களூர் வீட்டில் நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு பெரும் முடிவு எடுக்கப்பட்டது: பரணில் கிடக்கும் மூன்றடுக்கு டிபன் கேரியரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடுவது. கணவரும் மகனும் ஆதரித்தார்கள். நான் மூடியைத் திறந்தேன். புளிச்சோற்று வாசனை இத்தனை வருடம் தங்காது என்பது எனக்குத் தெரியும். தங்கியிருந்தது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அக்கா, ஆஸ்பத்திரிக்குப் பொம்பளை தனியாகப் போகக்கூடாது என்று ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, இதைத் தூக்கிக்கொண்டுதான் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு, அப்போது ஊருக்குப் போயிருந்த என்னோடு வந்தாய்.

மார்பகப் புற்றுநோய் யாருக்கு அதிகம் வரும் என்று ஒரு பத்திரிகையில் படித்துப் பயந்துதான் அந்தப் பரிசோதனைக்குக் கிளம்பினேன். படித்தவர்கள், உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், முப்பதுக்கு மேல் ஒரே பிள்ளை பெற்றவர்கள். வரிக்கு வரி நான். கம்ப்யூட்டர் கம்பெனி தந்த சலுகைகளில் இதையும் சேர்த்துக்கொண்டேன். நீ பதினெட்டில் தாயானவள். நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்றவள். பட்டியலில் உனக்கு இடமில்லை.

புத்தலப்பட்டு தாண்டியதும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாய்.

"ஏண்டி, எனுக்கும் இங்க கொட்ட மாதிரி ஒண்ணு கீது. வலியே இல்ல. அப்டியே காட்டிக்கினு வரட்டுமா?"

"உனுக்கு இன்னாத்துக்குக்கா? அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வர்றது. உனுக்குக் கொழுப்புக் கட்டியா இருக்கும்."

"வியாதிக்குக்கூடவா டிகிரி கேக்கறாங்க?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

துணைக்கு வந்தவளா என்று நர்ஸ் தெலுங்கில் கேட்டாள். "அவுனம்மா" என்று தலையாட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாய். எனக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, அங்கேயே கேரியரைத் திறந்தாய். "துன்னுடி. பயத்துல காலைலேர்ந்து ஒண்ணுமே துன்னல நீ."

அடுத்த மாம்பழ சீசனில் உன் கட்டி புண்ணானது. அதே ஆஸ்பத்திரி, இம்முறை துணைக்கு வந்தவள் நான். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்:

"இப்பத்தான் சாமி. பத்து நாளா."

சொல்லும்போது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். அன்று நான் திருத்தவில்லை. உன் பிள்ளைகளிடம் இன்றுவரை திருத்தவில்லை. "பாவம் சித்தி, அம்மாவுக்குத் திடீர்னு வந்துட்ச்சி" என்று அவர்கள்தான் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

அதற்கடுத்த சீசனில் ஃபேக்டரியில் உன் இடத்தை உன் மூத்த மகளுக்குக் கொடுத்தார்கள்.