கை எட்டாத இடம்

செப்டம்பர் 3

மழை. பெர்கனில் இதை எழுதுவதே வீண். மழை பெய்யாத நாளை மட்டும் குறித்து வைத்தால் போதும்.

ஆசிரியர் அறையில் எழுந்ததும் நாற்காலியைக் கையால் தட்டித் துடைத்தேன். யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி காபி குடித்தார்கள். சொரியாசிஸ்காரன் எங்கிருந்து எழுந்தாலும், ரயிலில் பெட்டியை மறந்தவன் போல, ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். உட்கார்ந்த இடத்தில் தோலிலிருந்து உதிர்ந்த செதில் கிடக்கும்.

மாலையில் மீன் வாங்கப் போனேன். கடை வாசலில் ஹல்வார் நின்றுகொண்டிருந்தான். கறுப்புக் கோட்டு. தோளில் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. எதிர்ச்சாரிக்கு மாறி நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் சொரியாசிஸ் சங்கத்தில் யாரும் கறுப்பு உடுத்த மாட்டோம். சாம்பல், வெளிர் பழுப்பு, வெள்ளை, இப்படிச் செதில் தெரியாத நிறங்கள்தான். அம்மாவின் அடக்கத்துக்கே சாம்பல் கோட்டில்தான் போனேன். அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். கறுப்பு போட்டவன் கட்சி மாறியவன்.

செப்டம்பர் 4

மீன் வாங்காமல் வந்தது முட்டாள்தனம். அவனைப் பார்த்ததற்கு நான் ஏன் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ன வேண்டும்?

செப்டம்பர் 21

டாக்டர் சில்யேவிடம் போனேன். ஒருகாலத்தில் என்னிடம் வரலாறு படித்தவள். முப்பதாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது என்று கேட்டதற்கு யோசித்தவள். அவள் இப்போது என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"சார், இது இனிமே தோல் சமாச்சாரம் இல்ல. எக்ஸ்ரேயப் பாருங்க. மூட்டு அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. மாத்திரையையும் பாதியில விட்டுட்டீங்க. இனி ஊசிதான்."

"களிம்பும் வெயிலும் எனக்குப் போதும்மா."

"வெயில் எலும்புக்குள்ள போகாது சார்."

அப்புறம், கொஞ்சம் தயங்கி: "ஊசி வேலை செஞ்சு தோல் சுத்தமாயிட்டா, அந்தத் தீவுப் பயணத்துக்கு நான் எழுதித் தர முடியாது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

சொன்னாளே, அந்த மட்டும் நேர்மை. யோசிக்கிறேன் என்றேன். "யோசிங்க, ஆனா உங்க பாடத்துல வர்ற மாதிரி நூற்றாண்டுக் கணக்குல வேண்டாம்" என்றாள். இந்த வாய் பரீட்சையில் எங்கே போயிருந்தது?

செப்டம்பர் 23

தீவைப் பற்றியே யோசனை.

ஒவ்வொரு ஜனவரியும், இங்கே பகல் என்பதே சந்தேகமாக இருக்கும் காலத்தில், எங்களைத் தெற்கே அனுப்புவார்கள். சிகிச்சைதான், அரசாங்கச் செலவு. வெயில், உப்புத் தண்ணீர், களிம்பு. திட்டுத் திட்டாகச் சிவந்த உடம்போடு இருபது முப்பது பேர் கடற்கரையில் வரிசையாக நடப்போம். அங்கே சட்டை போட்டிருப்பவன்தான் விநோதப் பிராணி. உலகத்தில் நான் சட்டையில்லாமல் நடந்த ஒரே இடம் அது.

முதுகின் நடுவே கை எட்டாத ஓர் இடம் இருக்கிறது. அதற்காக முதல் நாளே ஆளுக்கொரு ஜோடி பிரிப்பார்கள். 'முதுகுத் துணை' என்று பெயர். என் துணை ஹல்வார். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், வாய் ஓயாதவன். முதல் வருடம் தற்செயலாக அமைந்தது. பிறகு வேறு யாரையும் நாங்கள் கேட்கவே இல்லை.

களிம்பு தடவும்போது தினமும் நிலவரம் சொல்வான்: "கிரீன்லாந்து சுருங்குது வாத்தியாரே. ஐஸ்லாந்து ரெண்டாப் பொளந்துடுச்சு. இடுப்புக்கிட்ட புதுசா ஒரு தீவு, அதுக்கு உம் பேரையே வெச்சிரலாமா?" என் முதுகை நான் பார்த்ததில்லை. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் முதுகு நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்: அங்கேயும் ஒரு கிரீன்லாந்து, ஓர் ஐஸ்லாந்து, முதுகெலும்பை ஒட்டி மூன்று சின்னத் தீவுகள். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

அதற்குமுன் ஊரில் என் மனைவி தடவிவிட்டாள், சில வருடம். பிறகு அந்த வேலையோடு என்னையும் சேர்த்து விட்டுவிட்டாள். படுக்கை விரிப்பெல்லாம் தார் வாடை என்றாள். நியாயம்தான். தார்க் களிம்பு தார் வாடைதானே அடிக்கும்?

அக்டோபர் 8

அக்கா ரக்னா வீட்டில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும். கறியோடு உபதேசமும் பரிமாறப்பட்டது.

"ஊசியா? எதிர்ப்பு சக்தியவே அடக்கறாங்களாம்டா அதுல. உடம்பு உனக்கு என்னமோ சொல்லுது. அதைக் கேட்காம வாயப் பொத்தப் போறியா?"

"என்ன சொல்லுதாம்?"

"தக்காளிய விடு. கோதுமைய விடு. அம்மா உன்னைக் கடல் தண்ணியிலயே ஊற வெச்சாளே, அப்ப நல்லா இருந்துச்சா இல்லையா?"

இருந்தது. அதுதான் எரிச்சல். கோடையில் பாறையில் கிடந்து, உப்புத் தண்ணீரில் குதித்து, காட்டுப் பழம் தின்று வாய் நீலமாக அலைந்த நாட்களில் முழங்கை சுத்தமாகத்தான் இருந்தது. அது வெயிலா, உப்பா, பத்து வயதா? யாருக்குத் தெரியும்? அந்தக் கோடைக்கெல்லாம் சீட்டெழுதித் தர டாக்டர் இல்லை.

ஆனால் ரக்னாவுக்கு நினைவிருப்பது ஒன்று, எனக்கு நினைவிருப்பது இன்னொன்று. சில வருடம் முன்பு மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பச்சைக் களிம்பு வாங்கி வந்தாள். வெறும் மூலிகை, ஒரு ரசாயனம் கிடையாது என்று சத்தியம் செய்தாள். ஒரே வாரத்தில் என் தோல் பட்டாக மாறியது. டப்பா தீர்ந்தது, விற்ற பெண்ணும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டாள். மறுவாரம் உச்சந்தலை முதல் பாதம் வரை தீப்பிடித்த மாதிரி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைப் பரிசோதித்தார்கள். குதிரைக்குப் போடும் அளவு ஸ்டீராய்டு.

இன்றும் அதைச் சொன்னேன். அவள் முட்டைக்கோசைப் பரிமாறிக்கொண்டே, "ஆனா வேலை செஞ்சுதா இல்லையா?" என்றாள்.

கிளம்பும்போது முதுகு அரித்தது. பையில் தார்க் களிம்பு டப்பா இருந்தது. மூடியைத் திருக முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை. ரக்னா ஒன்றும் பேசாமல் வாங்கித் திறந்தாள். அவள் பேசாமல் இருந்ததுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 14

எல்லோர்மீதும் கோபம். வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்ட நீச்சல்குளக்காரன். மனசுதான் காரணம் என்ற பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் கை குலுக்காத தலைமையாசிரியர். எல்லாம் பழைய சரக்கு, ஆறிப்போனது.

ஹல்வார் மட்டும் ஆறவில்லை. நான்கு வருடத்துக்கு முந்தைய ஜனவரி. விமான நிலையத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் காபி வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் வந்தார்கள், அவன் வரவில்லை. தீவுக்குப் போய் இறங்கிப் போன் போட்டால் சிரிக்கிறான். "வாத்தியாரே, ஊசி போட்டேன்யா! மூணே மாசம், ஒண்ணுமே இல்ல! கறுப்புல கோட்டு வாங்கிட்டேன்!"

போனை வைத்துவிட்டேன். அவ்வளவுதான். பிறகு பேசவில்லை.

முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? விமானம் ஏறும்வரை அவன் காபி என் கையிலேயே ஆறிக் கிடந்தது. யாருக்குத் தெரியப்போகிறது அதெல்லாம்?

ஜனவரி 16. தீவு

வெயில் பழைய வெயில்தான். கூட்டம்தான் பழைய கூட்டமில்லை, பாதிகூட வரவில்லை. எல்லோரும் ஊசிக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் சாப்பாட்டு மேசையில் அவர்களைப் பற்றியே, செத்துப் போனவர்களைப் பற்றிப் பேசுவது போல, குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். செத்தா போனார்கள்? நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

என் புதிய முதுகுத் துணை ஸ்டவாங்கரிலிருந்து வந்த கணக்காளர், பெயர் யார்லே. கையுறை மாட்டிக்கொண்டு தடவுகிறார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, அந்த வாடை கையை விட்டுப் போகமாட்டேங்குது."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 19. தீவு

இன்று நான் யார்லேவுக்குத் தடவும் முறை. களிம்பைத் தோண்டி எடுக்கவே விரல் மறுத்தது. புறங்கையால் தேய்த்துப் பார்த்தேன், மணிக்கட்டால் பார்த்தேன். அங்கங்கே கட்டியாக அப்பிக்கொண்டு நின்றது.

அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "விடுங்க ஸ்டைனார். உங்களுக்குச் சிரமம். நான் வேற யாரையாவது கேட்டுக்கறேன்."

என் முதுகுக்கு ஆள் இல்லாமல் போன நாட்கள் உண்டு. இன்னொருவன் முதுகுக்கு நான் உதவாமல் போனது இதுதான் முதல் தடவை.

அலையைப் பார்த்துக்கொண்டு சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்தில், சட்டையோடு.

பிப்ரவரி 6

ஊசி போட்டாயிற்று. வயிற்றில், நானே போட்டுக்கொண்டேன். சில்யே பக்கத்தில் நின்று பார்த்தாள். "வலிக்குதா சார்?" இல்லை என்றேன். வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை வருடத் தாருக்கும் உப்புக்கும் பதிலாக ஒரு கொசுக்கடி.

ரக்னாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 11

இன்று தார்க் களிம்பு டப்பாவை நானே திறந்தேன். திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, மூடி வைத்தேன். தேவைப்படவில்லை.

ஏப்ரல் 9

குளியலறையில் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து என் முதுகைப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறையாக முழுசாக.

ஒன்றுமே இல்லை. கிரீன்லாந்து இல்லை, ஐஸ்லாந்து இல்லை. அவன் பெயர் வைக்கிறேன் என்ற அந்தக் குட்டித் தீவுகூட இல்லை. அவன் இத்தனை வருடம் வர்ணித்த ஊரை நேரில் பார்க்கப் போனால் ஊரையே காணோம்.

சந்தோஷம்தான். சந்தோஷமில்லை என்று யார் சொன்னது? விரல் மடங்குகிறது. கரும்பலகையில் எழுதுகிறேன். உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் கழுத்து இன்னும் விடவில்லை.

ஈஸ்டர் தள்ளுபடியில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். கறுப்பு. கடைக்காரப் பெண், "உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றாள். எல்லோரிடமும் சொல்வாளாயிருக்கும்.

ரக்னாவுக்கும் இன்று தெரிந்துவிட்டது. என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தக்காளிய விட்டியா?" என்றாள்.

விட்டேன் என்று சொல்லிவிட்டேன். போகட்டும்.

மே 17

தேசிய நாள். ஊர்வலம், கொடி, ஊதுகுழல், ஐஸ்கிரீம் ஒழுகும் பிள்ளைகள். என்ன அதிசயமோ, மழை இல்லை. ஆண்களெல்லாம் கறுப்பிலும் கருநீலத்திலும் வந்திருந்தார்கள். நானும் கறுப்பு ஸ்வெட்டரில். முதன்முறையாகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன்.

அந்தக் கறுப்புக்கு நடுவே ஒரே ஒரு வெளிர் சாம்பல் கோட்டு. எனக்குப் பழகிய கோட்டு. இடது கைப்பட்டையில் தீவில் வாங்கிய பொருந்தாத பொத்தான்.

ஹல்வார்.

அவனும் பார்த்தான். என் முகத்தை அல்ல, ஸ்வெட்டரை. பிறகு கொடிகளுக்கு ஊடே புகுந்து எதிர்ச்சாரிக்கு மாறிப் போய்விட்டான். நான் செப்டம்பரில் போன அதே மாதிரி.

மே 18

அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது. கேட்க வேண்டியதே இல்லை.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ஊர்வலம் தேவாலயத்தைத் தாண்டும்வரை பட்டேன். நல்லா வேணும்டா உனக்கு, காபிய வெச்சுக்கிட்டு நின்னேனே—

அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. நடு முதுகுக்கு இப்போது என்ன செய்கிறான்?

மே 20

பள்ளி முடிந்து நேராக அவன் கடைக்குப் போனேன். பையில் தார் டப்பா. உள்ளே விளக்கை அணைத்துக்கொண்டிருந்தான்.

"யாரது, கடை மூடியாச்சு." பிறகு நிமிர்ந்து பார்த்தான். "ஓ."

கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனேன். அவன்தான் முதலில் பேசினான்.

"கறுப்பு உனக்கு நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. பாவமன்னிப்புக் குடுக்க வந்த பாதிரியார் மாதிரி."

"சட்டையக் கழட்டு."

"என்னது?"

"முதுகு. யார் போட்டு விடறா இப்ப?"

பார்வையைத் திருப்பிக்கொண்டான். "யாருமில்ல. கதவு நிலையில தேய்ச்சுக்கறேன், கரடி மாதிரி."

பின்னறைக்குப் போனோம். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றும்போதே சொல்லிக்கொண்டு வந்தான்: "ரொம்ப நல்லாத்தான்யா இருந்துச்சு. கிறிஸ்துமசுக்கு முழங்கையில ஒண்ணு வந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க, பழைய வாடகைக்காரங்க மாதிரி. இப்ப வேற ஊசி மாத்தியிருக்காங்க. பார்க்கலாம்."

"சங்கத்துப் பக்கம் வந்திருக்கலாமே."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? நீ போனை வெச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு."

டப்பாவைத் திறந்தேன். அந்த வாடை அறை முழுக்கப் பரவியது.

"ஐயோ, இது காலாவதி ஆயிருக்குமே!"

"நீயுந்தான். ஆடாம உக்காரு."

தோள்பட்டைக்குக் கீழே கிரீன்லாந்து. பக்கத்தில் ஐஸ்லாந்து. முதுகெலும்பை ஒட்டி அந்த மூன்று சின்னத் தீவுகள். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. விரல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்துப் போயின. கையுறை இல்லாமல், எல்லா விரலும் மடங்கி.

"நிலவரம் சொல்லு" என்றான்.

"கிரீன்லாந்து பரவாயில்ல. ஐஸ்லாந்துதான் கொஞ்சம் வீங்கியிருக்கு."

"எரிமலை." சிரித்தான். முதுகு குலுங்கியது. திரும்பாமலேயே கேட்டான்: "உன்னுது?"

"ஒண்ணுமில்ல. வெறும் கடல்."

"நல்லது" என்றான். இன்னொரு தரமும் சொன்னான், மெதுவாக. "நல்லது வாத்தியாரே."

விமான நிலையத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் போனைப் பற்றிப் பேசவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன், தீரவில்லை. டப்பாவை மட்டும் அவன் மேசை மேலேயே விட்டுவிட்டு வந்தேன். மூடியை இறுக்கவில்லை.

பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் குனிந்து கவனித்தேன். கறுப்பு ஸ்வெட்டரில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, வெள்ளை வெள்ளையாகச் செதில். என்னுடையதல்ல.

தட்டிவிடவில்லை. ஸ்வெட்டரை வீட்டு நாற்காலியில் அப்படியே போட்டிருக்கிறேன்.